மாலை யாருக்கு? மலை கேட்கிறது!

சட்டமன்றக் கூட்டத் தொடர்களில் இரங்கல் தீர்மானம் படிக்கப்படுகிறது. மறைந்த உறுப்பினர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஆற்றிய பணியைச் சொல்லி, ஆளும் வரிசையும் எதிர் வரிசையும் வேறுபாடு மறந்து எழுந்து நிற்கின்றன. நல்ல மரபு, நாம் போற்றும் மரபு. மாண்டவரை மதிக்கத் தெரிந்த மன்றம் அது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மாண்டவருக்காக எழுந்து நிற்கும் மன்றம், வளர்கிறவருக்காக ஒருமுறை எழுந்து நிற்கக் கூடாதா? வாழ்ந்து முடித்தவர் பெயர் ஏறும் அவைக்குறிப்பில், வாழத் தொடங்கும் ஒரு மாணவியின் பெயர் ஏறக் கூடாதா?

ஏறலாம், ஏற வேண்டும். படிப்புப் போட்டியில் வென்ற பிள்ளையைச் சட்டமன்றமே பாராட்டித் தீர்மானம் போடுவது பழுதில்லாத செயல். ஆனால் எந்தப் பிள்ளையை? எந்தப் போட்டியில் வென்ற பிள்ளையை? யாரோடு போட்டியிட்டு வென்ற பிள்ளையை? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடாமல் போடப்படும் மாலை, ஏற்கெனவே மாலை விழுந்த கழுத்திலேதான் மீண்டும் விழும். அதைத்தான் இன்று பேச வந்தோம்.

டெக்சாசில் நடப்பது

இந்தப் பாராட்டுத் தீர்மானம் அன்றாட வழக்கமாக இருக்கும் இடம் அமெரிக்கா. அங்கே டெக்சாஸ் என்றொரு மாநிலம். அதன் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் முறையாகக் கூடும். கூடினால் 140 நாள். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். அந்த நாட்களில் அவர்கள் சட்டம் மட்டும் போடுவதில்லை; பாராட்டும் போடுகிறார்கள். ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளி கணிதப் போட்டியில் மாநில வெற்றி பெற்றது என்றால், அந்தத் தொகுதி உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். பள்ளியின் பெயர், பிள்ளைகளின் பெயர், பயிற்றுவித்த ஆசிரியரின் பெயர் அத்தனையும் அதிலே வரும். பிள்ளைகள் ஆஸ்டின் நகர்ச் சட்டமன்ற மாடத்திலே வந்து அமர்ந்திருப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்வார்கள். உறுப்பினர்கள் கை தட்டுவார்கள். தீர்மானத்தின் படி சட்டமிட்ட தாளாகப் பள்ளிச் சுவருக்குப் போகும்.

கேட்கக் கேட்க இனிக்கிறதல்லவா? இனிப்பு அளவு மீறினால் என்னாகும் என்பதையும் அதே டெக்சாஸ் காட்டியிருக்கிறது.

1971-ஆம் ஆண்டு. வேகோ நகரத்து உறுப்பினர் டாம் மூர் என்பவர் ஒரு பாராட்டுத் தீர்மானம் கொண்டு வந்தார். ஆல்பர்ட் டிசால்வோ என்னும் மனிதரைப் பாராட்ட வேண்டும். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுத் துறையில் அவர் புதுமுறைகளைக் கையாண்டவர் என்றது தீர்மானம். மன்றம் கை தூக்கியது. எதிர்ப்பே இல்லை, ஒருமனதாக நிறைவேறியது! பிறகுதான் மூர் உண்மையைப் போட்டு உடைத்தார். யார் அந்த டிசால்வோ? பாஸ்டன் நகரிலே பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன் என்று நாடெங்கும் பேரெடுத்த ஆள்! படித்துப் பாராமலே பாராட்டுகிறோம் என்பதைத் தம் தோழர்களுக்கு உணர்த்தவே அப்படிச் செய்தேன் என்று சொல்லித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் அவர்.

சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டு, கொஞ்சம் சிந்திப்போம். கட்டுக்கட்டாக வரும் தாளுக்கெல்லாம் கை தூக்கினால் கொலைகாரனுக்கும் மாலை விழும். கொல்லிமலைக் குழந்தைக்கும் மாலை விழும். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றாகிவிடும். ஆகவே, தீர்மானம் போடுமுன் படிக்க வேண்டும். அது முதற் பாடம்.

எடை பார்த்து மோத விடு

டெக்சாசில் நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்றும் உண்டு. அங்கே பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தும் கழகம் ஒன்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1910-இல் தோன்றியது. விளையாட்டும் நடத்துகிறது, கணிதம், அறிவியல், எழுத்துக்கூட்டல், சொற்போர் என்று படிப்புப் போட்டிகளும் நடத்துகிறது. பள்ளிகளை அது ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. எதை வைத்து? பணத்தை வைத்தா? பெயரை வைத்தா? இல்லை, பள்ளியிலே படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து. நூறு பிள்ளை கூட இல்லாத பட்டிக்காட்டுப் பள்ளி, ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளியோடு மோத வேண்டியதில்லை. தன்னொத்த பள்ளியோடு மோதுகிறது, வெல்கிறது, தன் ஊர்ப் பெயரோடு சட்டமன்றக் குறிப்பிலே ஏறுகிறது.

இன்னொரு போட்டியும் அமெரிக்காவிலே உண்டு. அகாடமிக் டெகாத்லான் என்பார்கள். பத்துத் துறைப் படிப்புப் போட்டி. கலிபோர்னியாவில் ஆரஞ்சு மாவட்டத்துக் கல்வி அதிகாரியாக இருந்த ராபர்ட் பீட்டர்சன் 1968-இல் தொடங்கி வைத்தது. 1982 முதல் நாடு தழுவிய போட்டியாக நடக்கிறது. கணிதம், அறிவியல், பொருளியல், இலக்கியம், இசை, ஓவியம், சமூக இயல், கட்டுரை, மேடைப் பேச்சு, நேர்காணல் என்று பத்து. வென்ற பள்ளிகளுக்கு மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு மகிழ்கின்றன. அந்தப் போட்டியின் விதி என்ன தெரியுமா? அணியிலே ஒன்பது பேர். மூவர் முதல்தர மதிப்பெண் வாங்குவோர்; மூவர் நடுத்தரம்; மூவர் கடைசி வரிசை! முதல் வரிசையை மட்டும் திரட்டிக்கொண்டு போய் வெற்றி முழக்கம் செய்ய முடியாது. கடைசி வரிசைப் பிள்ளையையும் உயர்த்திக் காட்டினால்தான் பள்ளிக்கு வெற்றி. எவனை வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறாரோ, அவன் இல்லாமல் அணியே இல்லை!

குத்துச்சண்டைக் களத்திலே எடைப் பிரிவு இருக்கிறது. மல்யுத்தக் கோதாவிலும் இருக்கிறது. எலும்பும் தோலுமாய் நிற்பவனை மலைபோல் நிற்பவனோடு மோதவிட்டு, வென்றவன் வீரன் என்று எவரும் மாலை போடுவதில்லை. எடை பார்த்து மோதவிடுவதால் வீரத்தின் தரம் குறைந்துவிட்டதா? இல்லையே! உடலுக்கு ஒப்புக்கொள்ளும் நீதியை, அறிவுக்கு மட்டும் மறுப்பது ஏன்? "சலுகை காட்டினால் தரம் கெடும்" என்று சங்கீதம் பாடுவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

கீழே ஒரு நாமக்கல், மேலே ஒரு நாமக்கல்

இந்தக் கணக்கைக் கையிலே வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். வேறெங்கும் போக வேண்டாம். நாமக்கல் மாவட்டமே போதும்.

நாமக்கல் என்றால் நாடே சொல்லும்: முட்டை, லாரி. மூன்றாவதாக ஒன்றையும் சொல்வார்கள்: மதிப்பெண். உண்டு உறைவிடத் தனியார் பள்ளிகள் வரிசையாக நின்று, விடியுமுன் எழுப்பி, இரவெல்லாம் படிக்க வைத்து, மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போட்டுப் பதாகை கட்டிய காலம் ஒன்று இருந்தது. கோழிப் பண்ணைக்குப் பக்கத்திலே மதிப்பெண் பண்ணை! வென்ற பிள்ளைகளை நாம் குறை சொல்லவில்லை; அவர்கள் உழைத்தார்கள். ஆனால் கட்டணம் கட்ட முடிந்தவன் பிள்ளை மட்டுமே ஓடிய பந்தயத்துக்கு "மாநிலப் பந்தயம்" என்று பெயர் வைத்தோமே, அதுதான் குறை. 2017-இல் தமிழ்நாடு அரசு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தையே நிறுத்திற்று. நல்ல வேலை செய்தது.

அதே மாவட்டத்தில், அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைந்து வளைந்து ஏறினால் செம்மேடு, மலையின் தலைமையிடம். அலுவலகமும் கடையும் பேருந்து நிற்குமிடமும் வல்வில் ஓரியின் சிலையும் அங்கே. சுற்றிலும் மிளகு, காப்பி, பலா, அன்னாசி, மரவள்ளி. சாமையும் தினையும் விளைந்த பழைய மண். வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளி அல்லர், மலையை ஆளும் மலையாளி. ஆளுகிறார்கள் என்பது பெயரில் மட்டும். மிளகு கொடியிலே காய்க்கிறது. அதன் விலை கீழே இருக்கிறவன் வாயிலே காய்க்கிறது. மரவள்ளிக் கிழங்கு மலையிலே விளைகிறது. சவ்வரிசி ஆலை சமவெளியிலே நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரில் மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 54 பேர். இடைவெளி 26! சமவெளிக்கும் செம்மேட்டுக்கும் இடையே இருப்பவை 70 வளைவுகள் மட்டும் அல்ல. இந்த 26-ம் உண்டு. தார் போட்ட வளைவைப் பேருந்து ஏறிவிடும். இந்த இடைவெளியை யார் ஏற்றுவது?

ஏற்ற முயல்பவை அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு, அப்பனையும் ஆத்தாவையும் விட்டுவிட்டு, வாரக்கணக்கில் விடுதியிலே தங்கிப் படிக்கும் பிள்ளைகள். வீட்டிலே பாடம் சொல்லித் தர எவரும் இல்லை. பலருக்கு அந்தப் பிள்ளைதான் குடும்பத்தின் முதல் கையெழுத்து. அந்தப் பிள்ளையும், பெற்றவர் இருவரும் பட்டதாரி, மாலையிலே தனிப்பயிற்சி, மேசை விளக்கு, அகராதி அத்தனையும் உள்ள பிள்ளையும் ஒரே தாளில் ஒரே கேள்விக்கு விடை எழுதுகிறார்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்விலே மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று எடுக்கிறார்கள். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பட்டியல். செம்மேட்டுப் பிள்ளை 101-ஆவதாக வந்தால் அது தோல்வி என்று எழுதப்படும். அவள் ஏறி வந்த உயரம் எந்த ஏட்டிலே எழுதப்படும்?

முளைத்துக் காட்டியவர்கள்

"மலைப் பிள்ளைக்குப் படிப்பு வராது" என்று பேசிய வாய்கள் பல. அந்த வாய்களுக்கு விடை அண்மையிலே கிடைத்தது. 2024-இல் பழங்குடியினர் பள்ளியிலே படித்த மாணவியர், அனைத்திந்திய நுழைவுத் தேர்வில் வென்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பிடித்தனர். 2025-இல் கல்வராயன் மலைப் பழங்குடி மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.க்கே தேர்வானார். செலவை அரசே ஏற்கும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 600 வாங்கிக் காட்டியவர் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள். உளி பிடித்த கைக்குப் பிறந்த பெண், ஒரு மதிப்பெண்ணைக் கூடச் சிந்தவில்லை!

இவர்கள் எப்படி முளைத்தார்கள்? வானத்திலிருந்து விழுந்தார்களா? இல்லை. வாசல் திறக்கப்பட்டது, வந்தார்கள். 1990-இல் பழங்குடியினருக்கென்று தனியாக ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு சட்டமாயிற்று. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 முதல் நடக்கும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்விலே 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டாண்டுக்கு; அதிலே பாதி இடம் அரசுப் பள்ளி மாணவருக்கென்றே ஒதுக்கம். பார்த்தீர்களா? எடைப் பிரிவு என்பது நமக்கும் புதிதல்ல. பாதியைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, மலைக்கென்று ஒரு பட்டியல் போடவும் தெரியும். மனம் வேண்டும், அவ்வளவுதான்.

தீர்மானம் என்றால் வெறும் சொல்லா?

"தீர்மானம் போட்டால் வயிறு நிறையுமா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. உழைத்துக் களைத்தவர் கேட்கும் நியாயமான கேள்வி. விடை சொல்கிறோம்.

1921-இல் சென்னைச் சட்டமன்றத்திலே நிறைவேறிய ஒரு தீர்மானம், பெண்ணுக்கு வாக்குரிமைக் கதவைத் திறந்தது. 1967 ஜூலை 18-ஆம் நாள், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய ஒரு தீர்மானம், இந்த மண்ணின் பெயரையே மாற்றியது. 1969 ஜனவரி 14 முதல் நாம் தமிழ்நாட்டார். சொல் சும்மா கிடக்கவில்லை. செயலை இழுத்துக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். புதுக்கோட்டையிலே ஒரு பெண். பொட்டுக்கட்டும் வழக்கத்தால் இழிவு சுமத்தப்பட்ட குலத்துத் தாய்க்குப் பிறந்தவர். கல்லூரியிலே சேர வந்தபோது, கூடாது என்று கூக்குரல் எழுந்தது. மன்னர் தலையிட்டு இடம் தந்தார். அந்தப் பெண் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, மருத்துவராக வெளியே வந்தார். அவருக்கு அன்றைக்கு எந்தச் சட்டமன்றமும் பாராட்டுத் தீர்மானம் போடவில்லை. ஆனால் 1927-இல் அவரே சட்டமன்றத்தில் அமர்ந்தார், துணைத் தலைவரானார், பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கத் தாமே தீர்மானம் கொண்டுவந்தார். இருபது ஆண்டு கழித்து, 1947-இல், அது சட்டமாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி! எவரை வாசலிலே மறித்தார்களோ, அவர் உள்ளே வந்து பிறருக்கு வாசல் திறந்தார். படிப்பிலே வென்ற பிள்ளையை நாடு ஏன் கொண்டாட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

ஓரியின் மலைக்கு உரியது

செம்மேட்டிலே சிலையாக நிற்கிறானே வல்வில் ஓரி, அவனுக்கு அரசு ஆண்டுதோறும் ஆடி மாதத்திலே விழா எடுக்கிறது. அவனைப் பாடியவர் வன்பரணர். புறநானூறு சொல்லும் செய்தி இது: வேட்டைக்கு வந்த ஓரியை யாரென்று அறியாமலே பாணர் கூட்டம் பாடிற்று. தன் பெயர் புகழப்பட்டதும் அவன் நாணினான். நாணிவிட்டு நின்றானா? வேட்டையாடிய இறைச்சி கொடுத்தான். தன் மலையிலே கிடைத்த பொன்னையும் கொடுத்தான். புகழைக் கேட்டால் வெட்கம், கொடுக்கும்போது தாராளம். இன்றோ, கொடுக்கும்போது வெட்கப்பட்டு, புகழும்போது தாராளம் காட்டுகிறார்கள்! ஓரிக்கு விழா எடுப்போர் ஓரியின் வழக்கத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

ஆகவே நாம் சொல்கிறோம். ஆட்சியிலே இருப்பவர் எவராயினும் அவருக்குச் சொல்கிறோம். பாராட்டுத் தீர்மானம் போடுங்கள். போடுமுன், மலைப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் சிற்றூர் அரசுப் பள்ளிகளும் தம்மொத்தாரோடு மோதும் களம் ஒன்றை அமையுங்கள். வென்ற அணி பிறகு பெரிய களத்துக்கு ஏறட்டும். அணியிலே முதல் வரிசையோடு கடைசி வரிசையும் இருக்கட்டும். தீர்மானத்தில் பிள்ளையின் பெயரோடு பள்ளியின் பெயர், ஆசிரியரின் பெயர், விடுதியிலே சோறாக்கிப் போட்டவரின் பெயர் இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கு ஒரு குறை இருந்தால், ஆய்வுக்கூடமோ, விடுதிக் கூரையோ, நிரம்பாத ஆசிரியர் இடமோ, அடுத்த கூட்டத் தொடருக்குள் அதைத் தீர்ப்போம் என்ற ஒரு வரி தீர்மானத்தின் கடைசியிலே இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால், மேலே எழுதிய அத்தனை வரியும் வெறும் மை.

234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று ஏற்காடு. மற்றொன்று சேந்தமங்கலம், செம்மேடு அதிலேதான் இருக்கிறது. ஆக, அந்த மலைப் பிள்ளையின் பெயரை மன்றத்திலே எழுப்ப ஒரு குரலுக்கு இடம் உண்டு. 234-இல் இரண்டு குரல் மெலியது என்பீர்கள். மற்ற 232 பேரும் சேர்ந்து சொன்னால் மெலியதாகுமா?

தோழர்களே, அவர்கள் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தீர்மானம் போடும் உரிமை கோட்டையிலே மட்டும் இல்லை. கிராம சபையிலும் இருக்கிறது. கொல்லிமலையிலே ஊராட்சிக்குப் பெயரே "நாடு": வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறுமுறை கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இல் வகுத்தார்கள். அங்கே போங்கள். தறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம், லாரிப் பட்டறையை விட்டு ஒரு மணி நேரம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலே திறனறித் தேர்வில் தேறிய பிள்ளை யார் என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். பின்தங்கியிருந்து முன்னேறிய பிள்ளை யார் என்பதையும் கேளுங்கள். இருவர் பெயரையும் தீர்மானத்திலே எழுதச் சொல்லுங்கள். கூடவே பள்ளியின் குறையையும் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த சபையிலே, "அந்தக் குறை என்னவாயிற்று?" என்று எழுந்து நின்று கேளுங்கள்.

ஊருக்கு ஊர் இந்தத் தீர்மானம் எழுந்தால், கோட்டைக்கு அது கேட்காமல் போகாது. கிராம சபைப் பதிவேட்டிலே கைநாட்டு வைக்கும் கூலிக்காரத் தகப்பனுக்கு மேலே, அதே பக்கத்தில், அவன் மகளின் பெயர் தெளிவான தமிழில் எழுதப்பட்டிருக்கட்டும். அதை அவன் மகளே அவனுக்குப் படித்துக் காட்டட்டும். மாலையை அப்புறம் போடலாம். அடுத்த கிராம சபைக்கு இன்றே ஆயத்தமாவோம்!